"சரிங்"னு மட்டும் சொல்லிடாதீங்க தம்பி

பெருந்துறைத் தம்பி கேட்டது இதுதான்: கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்து பிராம்ப்டன்ல, ஓனர் ஊட்டுக்கு அடில ஒரு பேஸ்மென்ட்டுக்கு குடி வந்து மூணு வாரந்தான் ஆச்சு, ஒரு வருசத்துக்கு லீஸ் போட்டிருக்கு, இப்ப ஓனர் வந்து அவரு தம்பி குடும்பத்தோட வர்றாப்லயாம் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணுங்கறாரு, நாங்க போயித்தான் ஆகோணுங்களா?

வேண்டியதில்லீங்க தம்பி. முதல்ல அம்மிணிய பொட்டி கட்டறத நிறுத்தச் சொல்லுங்க, மிச்சத்த அப்பறம் பழமை பேசலாம்.

நான் வந்த புதுசுல எனக்கும் இதே கதைதான். குடி போயி பத்தொம்பதாம் நாள், சாயங்காலம் ஓனர் ரெண்டு காபி வாங்கிட்டு கதவத் தட்டுனாரு. கோயமுத்தூர்ல 110 வோல்ட்டுக்குன்னே கேட்டு வாங்கியாந்த டேபிள்டாப் கிரைண்டர், அது ஓடறப்ப மேல அவியளுக்கு சத்தம் தாங்கலையாம், அப்பறம் மகளுக்கு ரூம் பத்தலையாம், அப்பறம் இன்னொண்ணு, ஒவ்வொண்ணா சொல்லிட்டே வந்து கடைசில ஒரு காயிதத்த எடுத்து "சும்மா ஃபார்மாலிட்டி"ன்னு நீட்டுனாரு. காபியக் கையில வெச்சுட்டு மாட்டேன்னு சொல்ல வாய் வருங்களா? நம்மூர்ல ஓனரு பையனுக்கு கல்யாணம் ஊடு வேணும்னா "சரிங்"ன்னுட்டு வண்டி பாக்கப் போறவிய நாம, கையெழுத்துப் போட்டுட்டேன். பிப்ரவரி கடைசி, பனி முழங்கால் ஒசரம். வேட்டில சுத்துன கிரைண்டர் கல்ல மடில வெச்சுட்டு பஸ்ஸுல உக்காந்திருந்தேன், ஊட்டுக்காரம்மா இட்லிக் குண்டாவ கட்டிப் புடிச்சுட்டு எதிர் சீட்டுல, ரெண்டு பேரும் எறங்கற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. மூணு வாரங் கழிச்சுப் பாத்தா அதே பேஸ்மென்ட் 200 டாலர் சேத்தி வாடகைக்கு விளம்பரத்துல இருக்கு.

அந்தக் காயிதந்தான் என்-11. நாம ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு வாடகைய முடிச்சுக்கறோம்ங்கற ஃபார்ம். அதுல கையெழுத்துப் போட்டுட்டா நம்மள விசாரணைக்குக் கூப்புடாமயே லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் போர்டு, அதாவது வாடகைத் தகராற விசாரிக்கற தீர்ப்பாயம், காலி பண்ணச் சொல்லி ஆர்டர் போட்டுரலாம், அதுனால யாரு எந்தக் காயிதம் நீட்டுனாலும் "படிச்சுட்டு சொல்றனுங்"னு வாங்கி வெச்சுக்குங்க, பேனாவ மட்டும் எடுக்காதீங்க.

ஓனர் நெசமாவே குடியிருக்க ஊடு வேணும்னா அதுக்கு என்-12னு வேற ஃபார்ம் இருக்குது. கொறஞ்சது 60 நாள் டைம் குடுக்கோணும், அதும் ஒரு வருச லீஸ் இருந்தா அந்த வருசம் முடியறதுக்கு முன்னாடி தேதி போட முடியாது. சட்டத்துல எழுதியிருக்கறது ஓனர், அவரு சம்சாரம், அவிய ரெண்டு பேரோட புள்ளைங்க, அவிய ரெண்டு பேரோட அப்பா அம்மா, அப்பறம் இவியளப் பாத்துக்கற ஆள். ஓனரோட தம்பி அதுல இல்ல. ஆமாங்க, கூடப் பொறந்த தம்பியே ஆனாலும் இல்ல. உங்க ஓனருக்கும் இது தெரியாம இருக்கலாம், எல்லாரையும் கெட்டவியன்னு நான் சொல்ல வரல.

அந்த ஃபார்ம் குடுத்தாலும் அது வெறும் நோட்டீஸ்தான், ஆர்டர் இல்ல. நீங்க போகலைன்னா அவரு லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் போர்டுக்குப் போகோணும், அங்க ஆர்டர் வாங்கோணும், ஆர்டர் வந்த பொறவும் அத நெறவேத்தற ஷெரிஃப் ஆபீஸ்ல இருந்து வந்துதான் வெளிய அனுப்ப முடியும். ஓனரே பூட்ட மாத்தறது, ஹீட்டர நிறுத்தறது, சாமானத் தூக்கி வெளிய வெக்கறது எல்லாம் சட்டப்படி குத்தம்.

ஒரே ஒரு சங்கதிதான் எனக்கு ஒறுத்துது. சமையல்கட்டோ பாத்ரூமோ ஓனர் குடும்பத்தோட பொதுவாங்க? 2006ல வந்த வாடகைச் சட்டம் அப்படிப் பொதுவா புழங்கற ஊட்டுக்கு பொருந்தாது, மேல சொன்னது பூராம் அடிபட்டுப் போயிரும். பேஸ்மென்ட்னு சொல்லி மேல போயி சமைக்க விடற ஊடுக நெறைய இருக்குது அதான் கேக்கறேன்.

தனி சமையல்கட்டுன்னா வெசனப்படாதீங்க. "லீஸ் முடியற வரைக்கும் இருக்கறோம்"னு ரெண்டே வரி ஈமெயில் போடுங்க, வாயில சொன்னது காத்தோட போயிரும். கோவத்துல வாடகைய மட்டும் நிறுத்திறாதீங்க, அதுதான் அவருக்கு நீங்களே எடுத்துக் குடுக்கற கம்பு, ஒண்ணாந் தேதி டாண்ணு இ-டிரான்ஸ்ஃபர் பண்ணிருங்க. டேமேஜ் டெபாசிட்னு ஏதாச்சும் வாங்கியிருந்தா அதையும் சொல்லுங்க, ஒன்டாரியோவுல கடைசி மாச வாடகைய முன்கூட்டி வாங்கிக்கலாம், டேமேஜ் டெபாசிட் வாங்கவே கூடாது.

மேல ஒருத்தர் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருக்கறப்ப கீழ குடும்பம் நடத்தறது சொகமில்ல, அது எனக்கும் தெரியும். போறதுன்னே முடிவு பண்ணுனா அதுக்கொரு வெலை பேசுங்க, லாரிச் செலவு, கடைசி மாச வாடகை திருப்பி, வேற ஊடு கெடைக்கற வரைக்கும் டைம், எல்லாம் எழுத்துல. பேசறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கற லீகல் கிளினிக்குக்கு, அதாவது சட்ட உதவி ஆபீஸுக்கு, ஒரு போன் போடுங்க, வருமானம் கம்மின்னா காசு வாங்க மாட்டாங்க.

சமையல்கட்டு தனியா பொதுவாங்கறத இன்னைக்கு ராத்திரிக்குள்ள சொல்லுங்க, அதப் பொறுத்துத்தான் அந்த ஈமெயில எப்படி எழுதறதுன்னு இருக்குது.