வாசலில் நின்ற வண்டி

அன்புள்ள அக்கா,

அமெரிக்காவில் பெண்களைத் தொடர்ந்து கொன்ற ‘கிரீன் ரிவர் கொலைகாரன்’ கேரி ரிட்ஜ்வேக்குத் தண்டனை சொன்ன நாளின் வீடியோ ஒன்று பார்த்தேன். மகளைப் பறிகொடுத்த ஒரு வெள்ளைத்தாடிப் பெரியவர் அவனிடம் “உன்னை மன்னித்துவிட்டேன்” என்கிறார். அதுவரை சலனமில்லாமல் இருந்தவன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். அப்படி ஒரு மன்னிப்பு சாத்தியமா? 49 கொலை செய்தவனை உயிரோடு விட்டது என்ன நியாயம்? ஏறக்குறைய இருபது வருடம் போலீஸை ஏமாற்ற எப்பேர்ப்பட்ட மூளை வேண்டும்! இன்னொன்று, அந்தப் பெண்களும் ஆபத்து தெரிந்தேதானே பாலியல் தொழிலுக்காக இரவில் சாலையில் நின்றார்கள்?

ஆர்., சேலம்

அன்புள்ள ஆர்.,

கடிதங்களுக்கு உடனே பதில் போடுகிற பழக்கம் எனக்கில்லை. உங்களுடையதை அப்படி ஒதுக்க முடியவில்லை. போன கோடையில் சியாட்டிலுக்குத் தெற்கே கென்ட் நகரில் தங்கை வீட்டில் இருந்தேன். மாலை நடைக்குப் போவது கிரீன் ரிவர் கரைக்கு. 1982 ஜூலையில் முதல் உடல் மிதந்தது அந்த ஆற்றில்தான் என்று தங்கை வீட்டுக்காரர்தான் சொன்னார், ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல. அன்றிலிருந்து இந்த வழக்கு என்னை விடவில்லை.

மூளை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ரிட்ஜ்வே பள்ளியில் தேறத் திணறியவன். ஐக்யூ என்கிற அறிவுத்திறன் அளவு எண்பதுகளின் தொடக்கத்தில், சராசரிக்கும் கீழே. ரென்டனில் லாரி தொழிற்சாலையில் முப்பது வருடம் பெயின்ட் அடித்தவன். போலீஸ் விசாரித்தது தெரிந்தபின் உடன் வேலை செய்தவர்கள் அவனை ‘கிரீன் ரிவர் கேரி’ என்று கேலி செய்திருக்கிறார்கள். இதில் மேதை எங்கே வந்தான்? சினிமா கெடுத்து வைத்திருக்கிறது உங்களை.

மன்னிப்பு பற்றி: அது அந்தப் பெரியவருக்கும் அவருடைய கடவுளுக்கும் உள்ள கணக்கு. அதே நாளில் அதே மன்றத்தில் அவனைச் சபித்தவர்களும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் மதிப்பெண் போட நீங்களும் நானும் யார்?

எனக்குச் சுருக்கென்று தைத்தது உங்கள் கடைசி வரி. தம்பி, அந்தப் பெண்களின் வயது தெரியுமா? பலர் பதினைந்து, பதினாறு, பதினேழு. ‘எலும்புகள் 10’ என்ற எண்ணோடு பெயரில்லாமல் முப்பத்தாறு வருடத்துக்கும் மேல் கிடந்தவள் டென்வர் வீட்டை விட்டு ஓடிவந்த 14 வயதுச் சிறுமி. 2021இல்தான் அவளுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. இவர்கள்தான் உங்களுக்கு ‘ஆபத்து தெரிந்தே நின்றவர்கள்’. தன் மகன் போட்டோவைக் காட்டி நம்பவைத்து வண்டியில் ஏற்றியவனைப் பற்றிப் பேச்சே இல்லை, நின்றவளிடம்தான் கேள்வி.

2003 நவம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது அவனே காரணம் சொன்னான். இவர்கள் காணாமல் போனால் யாரும் உடனே புகார் தரமாட்டார்கள், ஒருவேளை புகாரே வராது, அதனால் எத்தனை பேரை வேண்டுமானாலும் கொல்லலாம் என்று நினைத்தானாம். நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை நம்பித்தான் அவன் வண்டியை எடுத்திருக்கிறான். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் மட்டுமா, ஒரு ஊரே அப்படித்தான் நினைத்தது.

தேட ஆள் இல்லை என்பதும் பொய். 1983 ஏப்ரல் 30 இரவு, விமான நிலையத்தை ஒட்டிய பசிபிக் நெடுஞ்சாலையில் 18 வயதுப் பெண்ணொருத்தி ஒரு பிக்கப் வண்டியில் ஏறுகிறாள். அவள் காதலன் பின்தொடர்ந்து போய் வண்டியைத் தவறவிடுகிறான். ஆனால் விடவில்லை. சில நாளில் அவனும் பெண்ணின் அப்பாவும் தெருத்தெருவாகச் சுற்றி, ஒரு வீட்டு வாசலில் அதே வண்டி நிற்பதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். போலீஸைக் கூப்பிடுகிறார்கள். போலீஸ் வருகிறது, கதவைத் தட்டுகிறது. வெளியே வந்தவன் ரிட்ஜ்வே. அப்படி யாரையும் எனக்குத் தெரியாது என்கிறான். போலீஸ் போய்விடுகிறது.

அந்தப் பெண் உயிருக்குப் போராடியபோது கீறிய கீறல்கள் அவன் கையில் அப்போதும் இருந்தன. வேலியோரமாக நின்று கையை மறைத்துக்கொண்டதாகப் பின்னால் அவனே சொன்னான். தழும்பு தெரியாமலிருக்க பேட்டரி ஆசிட்டை ஊற்றிச் சுட்டுக்கொண்டான். “கையைக் காட்டு” என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். ஒரு வாக்கியம்! அதற்கு ஆய்வகம் வேண்டாம், மேதையும் வேண்டாம். டாக்டர் மகளோ வக்கீல் மகளோ என்றால் அந்த வாக்கியம் வாயில் வராமலா இருந்திருக்கும்? அதற்குப் பிறகும் எத்தனை பெண்கள். 1984இல் பொய் கண்டறியும் சோதனை வைத்தார்கள், அதிலும் தேறிவிட்டான்.

எல்லாரையும் ஒரே கோலால் அடிக்கவும் மாட்டேன். 1987 ஏப்ரலில் அவன் வீட்டைச் சோதனை போட்டபோது அவனை ஒரு துணித்துண்டை மெல்லச் சொல்லி எச்சில் எடுத்து வைத்தார்கள். அன்றைக்கு அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் தூக்கிப்போடாமல் வைத்திருந்தார்கள். 2001இல் டிஎன்ஏ சோதனை அவ்வளவு தூரம் வளர்ந்தபின் அதுதான் பேசியது. நவம்பர் 30, வேலை முடிந்து வெளியே வந்தவனைப் பிடித்தார்கள். உடல்களில் ஒட்டியிருந்த பெயின்ட் துகள்கள் மேலும் சில கொலைகளை அவன்மேல் கட்டின.

ஏன் தூக்கிலிடவில்லை என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். அரசு வழக்கறிஞர் நார்ம் மேலெங் முதலில் பேரமே கிடையாது என்றவர். ஆனால் மரண தண்டனை கேட்டால் அதுவரை குற்றம் சாட்டியிருந்த ஏழு கொலைகளோடு வழக்கு நின்றுவிடும், மற்ற குடும்பங்களுக்குப் பதிலே கிடைக்காது. அதனால் உயிருக்கு ஈடாக எல்லாவற்றையும் சொல்ல வைத்தார்கள். 2003இல் மாதக்கணக்கில் துப்பறிவாளர்களோடு காடு மேடெல்லாம் சுற்றி இடங்களைக் காட்டினான். பரோல் இல்லாத 48 ஆயுள் தண்டனை, 2011இல் இன்னொன்று. வாலா வாலா சிறையில் அடைத்தார்கள். 2024 செப்டம்பரில்கூட மிச்ச எலும்புகளைத் தேட அவனை வெளியே கொண்டுவந்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை.

வண்டியைக் கண்டுபிடித்துக் கொடுத்த அந்தக் குடும்பத்துக்கு அவள் எலும்பு கிடைத்தது இந்தப் பேரத்தால்தான். 2003 செப்டம்பரில், ஆபர்னில், அவன் காட்டிய இடத்தில். நியாயமா என்கிறீர்கள். அந்த வீட்டில் போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.