ஃப்ரீரேடியஸ் யூசர்ஸ் ஃபைல்: கேள்வி பதில்

ஃப்ரீரேடியஸ் என்பது நெட்வொர்க்கில் நுழைபவர்களின் பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்க்கும் சர்வர். யூசர்ஸ் ஃபைல் அந்தப் பயனர்களின் பட்டியல். பதில்கள் பதிப்பு 3-க்கானவை. அதில் இந்த ஃபைல் மாட்ஸ்-கான்ஃபிக் அடைவுக்குள், ஃபைல்ஸ் என்ற உள் அடைவில், ஆத்தரைஸ் என்ற பெயரில் இருக்கும்.

கேள்வி: பட்டியலில் இல்லாதவர்களை மறுக்க டிஃபால்ட் ரிஜெக்ட் வரியைச் சேர்த்ததிலிருந்து யாருக்குமே லாகின் ஆகவில்லை, சார். பாஸ்வேர்டெல்லாம் சரிதான்.

பதில்: அந்த வரியை ஃபைலின் தலையில் வைத்திருப்பீர்கள். சர்வர் மேலிருந்து கீழாகப் படித்து, பொருந்துகிற முதல் பதிவோடு நின்றுவிடும். டிஃபால்ட் எல்லாருக்கும் பொருந்துவதால் கீழே உள்ள பெயர்கள் வரை போவதே இல்லை. அதைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள். மேலே எந்தப் பயனர் பதிவிலாவது ஃபால்-த்ரூ = யெஸ் (பொருந்தினாலும் நிற்காமல் கீழே படி என்ற குறிப்பு) இருந்தால், அவர் மட்டும் கீழே இறங்கி அந்த ரிஜெக்டில் மாட்டுவார். அதையும் பாருங்கள்.

கேள்வி: :=, ==, = மூன்றில் எதை எங்கே போடுவது?

பதில்: முக்கால்வாசிப் பிழை இங்கேதான். முதல் வரியில் பெயரை அடுத்து வரும் கிளியர்டெக்ஸ்ட்-பாஸ்வேர்டுக்கு := போடுங்கள். "இதுதான் சரியான பாஸ்வேர்ட்" என்று சர்வருக்குச் சொல்லி வைக்கிறோம், அவ்வளவே. == போட்டால், வந்த கோரிக்கையில் அந்தப் பெயரில் எதுவும் இராது, பதிவே பொருந்தாமல் போகும். நாஸ்-ஐபி-அட்ரஸ் (கோரிக்கை அனுப்பும் சாதனத்தின் ஐபி) போல கோரிக்கையோடு வருவதை ஒப்பிடத்தான் ==.

அடுத்த வரிகள் பதில் பண்புகள், அதாவது சர்வர் திருப்பி அனுப்பும் மதிப்புகள். டேப் விட்டுத் தொடங்கி, கடைசி வரி தவிர மற்ற எல்லாவற்றின் முடிவிலும் காற்புள்ளி வையுங்கள். இங்கே = என்றால் "ஏற்கெனவே இல்லாவிட்டால் சேர்". எனவே ஒருவருக்கு செஷன்-டைம்அவுட் (இணைப்பு நீடிக்கும் நேரம், விநாடிகளில்) 7200 கொடுத்து ஃபால்-த்ரூ போட்டால், கீழே டிஃபால்டில் = 3600 என்று இருந்தாலும் 7200 நிலைக்கும். அங்கே := இருந்தால் 3600 ஆகிவிடும்.

கேள்வி: ஃபைலை மாற்றியும் பழைய பாஸ்வேர்டே செல்லுகிறதே?

பதில்: தொடங்கும்போது படித்ததுதான் நினைவகத்தில் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கு முன் சர்வர் கட்டளையோடு -சிஎக்ஸ் (பெரிய எழுத்துகளில்) கொடுத்து ஓட்டினால் எழுத்துப் பிழைகள் அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: பாஸ்வேர்டை ஹாஷ் செய்து (திருப்பி எடுக்க முடியாத குறியீடாக்கி) வைக்கலாமா?

பதில்: பாப் (பாஸ்வேர்டையே சர்வருக்குத் தரும் முறை) மட்டும் என்றால் தாராளமாக. சாப்புக்கு (பாஸ்வேர்டை அனுப்பாமலே நிரூபிக்கும் முறை) அசல் பாஸ்வேர்ட் இல்லாமல் நடக்காது. சாப்பின் மைக்ரோசாஃப்ட் வடிவமான எம்எஸ்-சாப், அதாவது வழக்கமான பீப் வைஃபைக்கு (லாகினைக் குறியாக்கச் சுரங்கத்துக்குள் நடத்துவது), அசலோ விண்டோஸ் வகையான என்டி ஹாஷோ வேண்டும். எப்படி வைத்தாலும் ஃபைல் அனுமதி 640, குழு சர்வர் ஓடுகிற குழுவாக இருக்கட்டும்.

கேள்வி: பயனரை எந்த நெட்வொர்க் பிரிவில் சேர்ப்பது என்று சொல்லும் விலான் எண் ரேட்டெஸ்ட் சோதனைக் கட்டளையில் வருகிறது, பீப் வைஃபையில் வரவில்லை.

பதில்: ரேட்டெஸ்டிலேயே வருவதால் டனல்-டைப் 13, டனல்-மீடியம்-டைப் 6, டனல்-பிரைவேட்-குரூப்-ஐடி (விலான் எண்) என்ற மூன்று பதில் பண்புகளும் சரியாகத்தான் இருக்கும். பீப்பில் பயனரின் உண்மைப் பெயர் உள் சுரங்கத்தில்தான் தெரியும், பதிலும் அங்கேயே உருவாகி வெளியே வராமல் நின்றுவிடும். இன்னர்-டனல் சைட் ஃபைலின் போஸ்ட்-ஆத் பகுதியில் "இஃப் (0)" என்று ஒரு தொகுதி இருக்கும். அதை 1 ஆக்குங்கள்.

கேள்வி: "நோ ஆத்-டைப் ஃபவுண்ட்" (சரிபார்க்கும் முறை கிடைக்கவில்லை) என்கிறது. ஆத்-டைப் := அக்செப்ட் போட்டதும் சரியாகிவிட்டது, விட்டுவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், இனி எந்தப் பாஸ்வேர்ட் அடித்தாலும் உள்ளே விடும். பதிவு பொருந்தவில்லை, அல்லது பாஸ்வேர்ட் கிடைக்கவில்லை என்பதே அந்தச் செய்தியின் பொருள். சர்வரை நிறுத்தி, -எக்ஸ் (பெரிய எழுத்து) கொடுத்து ஓட்டுங்கள். எந்த வரி எண்ணில் எந்தப் பதிவு பொருந்தியது என்று ஃபைல்ஸ் மாட்யூல் அதில் சொல்லும். அப்படி ஒரு வரியே வராவிட்டால், பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை முதலில் பாருங்கள்.