கட்டடக்கலைப் பொறியியல்: கடன் வாங்கிப் படிக்கலாமா?

கேள்வி: பள்ளி இறுதி வகுப்பில் படிக்கிறேன். வரைவதில் ஆர்வம் உண்டு. கணிதமும் இயற்பியலும் நன்றாக வருகின்றன. பல்கலைக்கழகம் ஒன்றில் கட்டடக்கலைப் பொறியியல் படிக்க இடம் கிடைக்கும் போலிருக்கிறது. கட்டணத்தின் பெரும்பகுதியைக் கடனாகத்தான் திரட்ட வேண்டும். சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைவிட இதற்கு மதிப்பு அதிகமா? இதைப் படித்துவிட்டு நான் ஆர்க்கிடெக்ட் ஆக முடியுமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், செலவுக் கணக்கு முழுவதும் அதன் விடையைப் பொறுத்தே மாறும். அமெரிக்காவில் கட்டடக்கலைப் பொறியியல் என்பது, கட்டடத்தின் சுமை தாங்கும் கட்டமைப்பையும் குளிரூட்டல், மின்சாரம் போன்ற அமைப்புகளையும் வடிவமைக்கக் கற்பிக்கும் பொறியியல் படிப்பு; அதற்கு அங்கீகாரம் வழங்குவது ஏபெட் என்னும் அமைப்பு. ஆர்க்கிடெக்சர் படிப்புகளை அங்கீகரிப்பது என்.ஏ.ஏ.பி. என்னும் வேறோர் அமைப்பு. அங்குள்ள பெரும்பாலான மாநிலங்களில், என்.ஏ.ஏ.பி. அங்கீகாரம் பெற்ற பட்டம்தான் ஆர்க்கிடெக்ட் உரிமத்துக்கு நேர்வழி. ஆகவே அங்கே கட்டடக்கலைப் பொறியியல் முடித்தவர் பொறியாளர் உரிமத்துக்குத் தகுதி பெறுவாரே தவிர, கட்டடத்தின் வடிவத்தையும் அறைகளின் அமைப்பையும் தீர்மானிக்கும் ஆர்க்கிடெக்ட் ஆவதற்குப் பெரும்பாலும் இன்னொரு பட்டம் படிக்க நேரும். எகிப்து உள்ளிட்ட பல அரபு நாடுகளிலோ, இதே பெயருள்ள பட்டம் பொறியியல் கல்லூரிக்குள் நடத்தப்படும் ஆர்க்கிடெக்சர் படிப்பாகவே இருக்கிறது. ஜப்பானில் 1950 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படும் கென்ச்சிகுஷி உரிமம் வடிவமைப்பையும் பொறியியலையும் ஒருசேரத் தழுவுகிறது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி பதிவு செய்துகொண்டவர் மட்டுமே அந்தப் பெயரில் தொழில் நடத்தலாம். பொறியியல் பட்டம் மட்டும் அந்தப் பதிவுக்குப் போதாது.

ஆதலால் விண்ணப்பிப்பதற்கு முன் கல்லூரிக்கு எழுதி, "இந்தப் பட்டத்தைக் கொண்டு எந்த நாட்டில், எந்த உரிமத்துக்கு நான் தகுதி பெறுவேன்?" என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பொறியியல் பட்டங்களைப் பொறுத்தவரை, 1989 இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடுகள் ஒன்றன் அங்கீகாரத்தை மற்றது ஏறக்குறைய இணையானதாக ஏற்கின்றன. இந்தியா 2014 இல் அதன் முழு உறுப்பினரானது. ஆனால் அது படிப்புக்கான ஏற்பு மட்டுமே. உரிமத்துக்கான தேர்வும் அனுபவ ஆண்டுகளும் அந்தந்த நாட்டில்தான் நிறைவேற வேண்டும்.

இனி மதிப்புக்கு வருகிறேன். ஏபெட் விதிகளின்படி இந்தப் படிப்பில் நான்கு துறைகள் உண்டு: கட்டமைப்பு, கட்டடத்தின் இயந்திர அமைப்புகள், மின்னமைப்புகள், கட்டுமான மேலாண்மை. இவற்றுள் ஒன்றில் மாணவர் வடிவமைக்கும் அளவுக்கும், இன்னொன்றில் செயல்படுத்தும் அளவுக்கும், மற்ற இரண்டில் புரிந்துகொள்ளும் அளவுக்கும் தேர்ச்சி பெற வேண்டும். இந்தப் படிப்பின் தனிச்சிறப்பும் அதன் குறையும் இந்த ஒரே ஏற்பாட்டிலிருந்துதான் பிறக்கின்றன. குளிரூட்டும் குழாய் செல்லும் இடத்தில் உத்தரம் குறுக்கிடும்போது, இரு பக்கத்தின் நியாயத்தையும் அறிந்து பேசக்கூடியவர் இந்தப் பொறியாளர். பெரிய மருத்துவமனைகளிலும் தரவு மையங்களிலும் அத்தகையவருக்கு உண்மையான தேவை இருக்கிறது. உலகின் இறுதி எரிசக்திப் பயன்பாட்டில் ஏறத்தாழ 30 விழுக்காடு கட்டடங்களை இயக்குவதற்கே செலவாவதால், பழைய கட்டடங்களைக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும்படி மாற்றியமைக்கும் வேலை பல பத்தாண்டுகளுக்குத் தீராது என்றே கருதுகிறேன்.

குறை என்னவென்றால், குளிரூட்டல் வடிவமைப்பாளர் பதவிக்கு மெக்கானிக்கல் பட்டதாரியும், கட்டமைப்புப் பொறியாளர் பதவிக்கு சிவில் பட்டதாரியும் போட்டியிட முடியும். அவர்களுக்கோ கட்டடத் தொழில் மந்தமானால் ஆலைக்கும் பாலத்துக்கும் போக வழி உண்டு. வட்டி விகிதம் உயரும்போது முதலில் நிறுத்தப்படுவது புதிய கட்டடங்கள்தான் என்பதை நினைவில் வையுங்கள். அரசு வேலைகளுக்கான அறிவிப்புகளில் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்று பட்டத்தின் பெயரையே குறிப்பிட்டுக் கேட்கும் நாடுகளில், புதிய பெயருள்ள பட்டம் விண்ணப்ப நிலையிலேயே தடையாகலாம். கட்டணம் ஒத்திருந்தால், கட்டடம் ஒன்றே உங்கள் விருப்பம் என்பதும் உறுதியாக இருந்தால், கட்டடக்கலைப் பொறியியலைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள். அதற்காக இரு மடங்கு கட்டணம் கொடுக்க வேண்டியிருந்தால், குறைந்த செலவில் சிவிலோ மெக்கானிக்கலோ படித்து, கட்டடம் சார்ந்த விருப்பப் பாடங்களை எடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

உரிமத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1981 ஜூலையில் கன்சாஸ் சிட்டி நகரின் ஹயாத் ரீஜென்சி விடுதியில் தொங்கு நடைபாதைகள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தனர். நீளமான ஒரே கம்பியில் தொங்க வேண்டிய இரு நடைபாதைகளை இரண்டு தனித்தனிக் கம்பிகளில் தொங்கவிடும்படி வரைபடம் மாற்றப்பட்டதால், மேல் நடைபாதையின் இணைப்பில் சுமை இரு மடங்கானது. அந்த மாற்றத்துக்குப் பொறுப்பான பொறியாளர்கள் தங்கள் உரிமத்தை இழந்தனர். உரிமம் பெற்றவர் வரைபடத்தில் இட்டு, உயிர்களுக்குப் பொறுப்பேற்கும் கையெழுத்துக்காகத்தான் சமூகம் பொறியாளருக்கு உயர்ந்த ஊதியமும் மரியாதையும் அளிக்கிறது. அமெரிக்காவில் அதை எட்ட, பட்டத்துக்குப் பிறகு அடிப்படைத் தேர்வும், பொதுவாக 4 ஆண்டு அனுபவமும், தொழில்முறைத் தேர்வும் வேண்டும். ஆக, பட்டத்தின் முழுப் பலன் பட்டமளிப்பு நாளிலேயே கைக்கு வந்துவிடாது.

கேள்வி: மகள் வெளிநாட்டில் இதே படிப்பைப் படிக்க எவ்வளவு வரை கடன் வாங்கலாம்? கல்லூரி காட்டும் சராசரி ஊதியத்தை நம்பலாமா?

பதில்: ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 4 ஆண்டுப் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 25 அலகு வீதம் மொத்தம் 100 அலகு கடன் வாங்குவதாகவும், ஆண்டு வட்டி 10 விழுக்காடு என்றும், படிக்கும் காலத்தில் தனிவட்டி சேர்வதாகவும் வைத்துக்கொள்வோம். படிப்பு முடியும் நாளில் கடன் 125 ஆகியிருக்கும். அதை 10 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 1.65, மொத்தத்தில் திருப்பிச் செலுத்துவது ஏறத்தாழ 198. வாங்கியதைப் போல் இரு மடங்கு கட்டுகிறீர்கள் என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்த பின்பே கையெழுத்திட வேண்டும்.

இதிலிருந்தே ஓர் அளவுகோல் கிடைக்கிறது. வாங்கும் கடன் முதல் ஆண்டு ஊதியத்துக்குச் சமமாக இருந்தால், தவணை மாத ஊதியத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அது தாங்கக்கூடியது. ஊதியத்தைப் போல் இரு மடங்கு கடன் என்றால் ஐந்தில் இரு பங்கு தவணைக்கே போய்விடும். வாடகையும் வரியும் போன பிறகு ஓர் இளம் பொறியாளரின் கையில் எதுவும் மிஞ்சாது. முதல் வேலையே பிடிக்காவிட்டாலும் விட முடியாத நிலை வந்துவிடும் என்பதுதான் எனக்குப் பெருங்கவலை. படிப்பு 5 ஆண்டாக இருந்தால், கூடுதல் கட்டணத்தோடு ஓராண்டு ஊதிய இழப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படிக்கும்போதே ஊதியத்தோடு தொழிற்பயிற்சி தரும் கல்லூரி என்றால், அந்த வருவாயைக் கழித்துக்கொள்ளலாம்.

கல்லூரியின் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலர் பெறும் மிக உயர்ந்த ஊதியம் சராசரியை மேலே இழுத்துவிடும்; ஊதியங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகையைக் கேளுங்கள். எத்தனை பேரில் எத்தனை பேர் விவரம் தந்தார்கள், அவர்கள் செய்வது இத்துறை வேலைதானா, உங்கள் மகளைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு அங்கே எத்தனை ஆண்டு பணி அனுமதி என்பவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கணக்கிடும்போது, வரிசையின் கீழ்க்கால்பகுதியில் இருப்பவரின் ஊதியத்தைக் கொண்டே கணக்கிடுங்கள்.

கேள்வி: சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கட்டடக்கலைப் பொறியியலுக்கு மாறினால் நல்லதா?

பதில்: மாறுவதால் ஓராண்டு வீணாகும் என்றால் வேண்டாம். சிவில் பட்டமே கட்டமைப்புப் பொறியாளர் உரிமத்துக்கு வழி திறக்கிறது. குளிரூட்டல், ஒளியமைப்பு, ஒலியியல் ஆகியவற்றில்தான் உங்கள் மனம் இருக்கிறது என்றால், விடுமுறையில் கட்டடச் சேவைகளை வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றில் பயிற்சி பெற்றுப் பாருங்கள். அதன் பிறகும் ஆர்வம் குறையாவிட்டால், பட்டம் முடித்துச் சில காலம் சம்பாதித்த பின் அந்தத் துறையில் முதுகலை படிக்கலாம்.