காலி வீடும் வீட்டுப் பற்றாக்குறையும் ஒரே நேரத்தில் எப்படி?

நகரங்களில் வீடுகள் காலியாகவும் கிடக்கின்றன, வீட்டுப் பற்றாக்குறையும் இருக்கிறது; இதைப் பற்றி எழுதும்போது இரண்டு எண்களையும் கட்டுரையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க மட்டும் வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலி. 2012-இல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு மதிப்பிட்ட நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை சுமார் 1.88 கோடி. இரண்டும் வேறு வேறு சந்தை.

முக்கியக் காரணம் நிலவிலை என்று நினைக்கிறேன். நகரம் பெருகப் பெருக மனை விலை ஏறுகிறது; கட்டுபவர்கள் வசதியுள்ளவர்களுக்கே கட்டுகிறார்கள், சிலர் முதலீடாக வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள். பற்றாக்குறையிலோ 95 சதவீதத்துக்கு மேல் குறைந்த வருமானக் குடும்பங்கள்.

அப்புறம், அந்த 1.88 கோடியைப் பிரித்துப் பாருங்கள். வீடே இல்லாதவர்கள் 5 லட்சம் சொச்சம்தான். ஏறக்குறைய 1.5 கோடி, நெரிசலில் வாழும் குடும்பங்கள்: கல்யாணமான மகனும் மருமகளும் பெற்றோருடன் ஒரே அறையில், நடுவே ஒரு சேலைத் திரை. தேவை என்பது இதுதான். தெருவில் நிற்பவர்களை மட்டும் எண்ணினால் இந்தக் குடும்பங்கள் கண்ணுக்கே படாது.

ஒன்றில் மட்டும் கவனம்: ‘காலி’ என்ற எண், வீடு ஏன் காலியாக இருந்தது என்று சொல்லாது. விற்காத புது வீடும் அதில் உண்டு, வாடகைக்கு ஆள் தேடும் வீடும் உண்டு. எல்லாவற்றையும் பதுக்கல் என்று எழுதிவிடாதீர்கள்.