அணை நிறைந்தும் குழாய் ஏன் காய்கிறது? பெஸ்தாரி ஜெயா கேள்வி பதில்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள நம் பெஸ்தாரி ஜெயாவின் தோட்டத்து மக்களும் பட்டணத்து மக்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, தண்ணீர் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணே, அணை நிறைந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். மறுநாளே குழாயில் காற்றுதான் வந்தது. ஆலை நம்ம ஊரிலேயே இருக்கிறதே?

பதில்: அணைத் தண்ணீர் நேராக வீட்டுக்கு வருவதில்லை தம்பி. சிலாங்கூர் ஆற்றின் (மலாயில் ‘சுங்கை’ என்றால் ஆறு) சுங்கை சிலாங்கூர் அணை, கோலகுபு பாரு ஊருக்கு மேலே, மலையில் இருக்கிறது. 110 மீட்டர் உயரம், ஏறக்குறைய 23 கோடி கன மீட்டர் கொள்ளளவு. மழையில் தேக்கும், ஆறு மெலியும்போது திறந்துவிடும். அந்தத் தண்ணீர் ஆற்றோடு ஓடி வந்த பிறகுதான் நம் பக்கத்து ஆலைகள் அதை உறிஞ்சுகின்றன.

இடையில் எந்தக் கிளையாற்றில் யார் எதைக் கொட்டினாலும் ஆலை வாசலுக்கு வந்துவிடும். 2020 செப்டம்பரில் ரவாங் ஊர்ப் பக்கம் சுங்கை கோங் என்ற கிளையாற்றில் கழிவு கலந்து நாற்றம் அடித்தது. நான்கு ஆலைகளை மூடினார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. அப்போது வறட்சியே இல்லை! மணல் வடிகட்டி சேற்றைப் பிடிக்கும், குளோரின் கிருமியைக் கொல்லும். கரைந்துபோன இரசாயனத்தை இந்த இரண்டும் நீக்காது, அதனால் மூடுவதைத் தவிர வழியில்லை. திறந்த பிறகும் காலியான குழாய்களும் தொட்டிகளும் முதலில் நிரம்ப வேண்டும். மேட்டு வீடுகளுக்கும் கடைக்கோடி வீடுகளுக்கும் கடைசியில்தான் வரும். அணையின் அளவைப் பார்க்கிற கண்ணோடு ஆற்றையும் பாருங்கள். வாய்க்காலில் எண்ணெயோ கெட்ட வாடையோ தெரிந்தால் அன்றே புகார் கொடுங்கள்.

கேள்வி: தினமும் சாயங்காலம் மழை கொட்டுகிறது. ஆனாலும் அணை இறங்குகிறது என்கிறார்களே?

பதில்: இங்கே பெய்வது கீழே கடலுக்குப் போகிறது. அணைக்கு மேலே உள்ள காட்டில் பெய்தால்தான் அணைக்குக் கணக்கு.

கேள்வி: நம்ம ஊர் ஈயக்குட்டைத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கிறார்களாமே, நல்லதா ஐயா?

பதில்: ஈயக்குட்டை என்பது பழைய வெள்ளீயச் சுரங்கப் பள்ளத்தில் தேங்கிய நீர். அதை நேராகக் கொடுப்பதில்லை. 2014 வறட்சியில் குட்டைத் தண்ணீரை ஆற்றுக்கு இறைத்தார்கள், பிறகு ஆலையில்தான் சுத்தமானது. பழைய சுரங்கம் என்பதால் உலோகம் இருக்கிறதா என்று அடிக்கடி சோதிக்க வேண்டும். அந்த முடிவுகளை மக்களுக்குக் காட்டவும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்றபடி, ஆற்றோரம் ஏற்கெனவே இருக்கும் பள்ளத்தில் நீரைச் சேர்ப்பது காட்டை மூழ்கடித்துப் புது அணை கட்டுவதைவிட எவ்வளவோ மேல். சுங்கை சிலாங்கூர் அணைக்காகத் தெமுவான் பூர்வகுடி மக்கள் தங்கள் கிராமங்களை விட்டு இடம் மாற வேண்டியிருந்தது. நாம் குடிக்கும் தண்ணீரில் அவர்கள் இழப்பும் இருக்கிறது.

கேள்வி: தம்பி, கோலகுபுவில் அந்தக் காலத்திலேயே அணை உடைந்து ஊரே போனதாக என் மாமியார் சொல்வார். உண்மையா?

பதில்: உண்மைதான் அக்கா. 1883-இல் பழைய அணை உடைந்து ஊரை அடித்துக்கொண்டு போனது. மாவட்ட அதிகாரி சிசில் ரங்கிங்கும் அதில் இறந்தார். பிறகும் வெள்ளீயச் சுரங்க மண் ஆற்றை மேடாக்க, வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள், அதுதான் இன்றைய கோலகுபு பாரு. இப்போதைய அணை, பாறைகளைக் குவித்து நீர்ப்பக்கம் கான்கிரீட் போர்த்திக் கட்டியது. மிஞ்சும் நீர் வழிய தனி வழி உண்டு, கசிவை அளந்துகொண்டே இருப்பார்கள். பயப்பட வேண்டாம்.

கேள்வி: லயத்து வீட்டில் மழைநீர் பிடிக்கலாமா அண்ணே?

பதில்: தாராளமாகப் பிடிக்கலாம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கூரைக்கு 20 மில்லிமீட்டர் மழை என்றால் 1,000 லிட்டர், சிந்துவது போக கொஞ்சம் குறையும். முதல் சில நிமிடத் தண்ணீரை வெளியே விடுங்கள், கூரை அழுக்கு அதில்தான் இருக்கும். குடிக்க வேண்டாம், கழுவவும் கழிவறைக்கும் போதும். தொட்டி வாயில் கொசுவலை கட்டாயம் கட்டுங்கள், இல்லையென்றால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவை நாமே வளர்த்ததாகிவிடும்.