ஸ்பெசார்ட் சத்திரம் – கடிதம்

அன்புள்ள சார்,

குர்ட் ஹோஃப்மானின் ‘ஸ்பெசார்ட் சத்திரம்’ (1958) என்ற ஜெர்மன் படம் பார்த்தேன். வில்ஹெல்ம் ஹௌஃபின் மூலக்கதையில் பொற்கொல்லன் ஃபெலிக்ஸ்தான் சீமாட்டியின் உடையைப் போட்டுக்கொண்டு, அவளைக் கடத்த வந்த கொள்ளையர்களோடு போகிறான். படத்தில் சீமாட்டியாக வரும் லீசலோட்டெ புல்வர் ஆண்வேடமிட்டுக் கூட்டத்தில் சேர்ந்து, தலைவனையே காதலிக்கிறார். போரில் தோற்ற நாடு கேலிக்கூத்தில் ஒளிந்துகொண்டதோ? மூலத்துக்கு இது துரோகம் இல்லையா?

எம்.

அன்புள்ள எம்,

போர், தோல்வி விளக்கத்தை விட்டுவிடுங்கள். எந்தப் பழைய ஜெர்மன் படத்தை எடுத்தாலும் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். வேடம் மாறியதும் துரோகமில்லை, கால்சட்டையோடு புல்வர் அடிக்கும் லூட்டிதான் படத்தின் உயிரே.

ஆனால் மூலத்தைப் படித்தவர் கேட்கிற கேள்வியா இது? ஸ்பெசார்ட் காட்டு நடுவே சத்திரம். ஃபெலிக்ஸ், அவனோடு நடந்துவந்த கம்மியன், ஒரு மாணவன், ஒரு வண்டிக்காரன். சத்திரக்காரியும் கொள்ளையருக்கு உடந்தையோ என்று சந்தேகம். கண்ணயர்ந்தால் உயிர் போய்விடும் என்று பயந்து விடிய விடியக் கதை சொல்கிறார்கள். இதயத்தைக் கொடுத்துக் கல்லை வாங்கிக்கொள்ளும் கரிமூட்டக்காரன் கதை அப்படி வந்ததுதான். பாக்தாத் போகும் கதைகூட ஒன்று உண்டு. எழுதியவர் 25 வயது நிறைவதற்குள் 1827இல் செத்துப்போனார். படத்தில் அந்தக் கதைகளில் ஒன்றுமே இல்லை! வழக்குப் போடுவதென்றால் அதற்குப் போடுங்கள். கதைகளை எடுத்துவிட்டால் அது வெறும் சத்திரம், வெறும் திருட்டு.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அறுத்த நெல் களத்தில் கிடக்கும் நாட்களில் தாத்தாவோடு காவலுக்குப் போவேன். தூக்கம் சொருகும் நேரம் பார்த்து விக்கிரமாதித்தன் கதையை எடுப்பார், வேதாளம் கேள்வி கேட்கும் இடத்தில் நிறுத்தி “டேய், முழிச்சிருக்கியா?” என்பார், பதில் வராவிட்டால் துண்டால் ஒரு அடி விழும். எனக்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். ஓர் இரவு வேதாளம் முருங்கை மரம் ஏறுவதற்குள் அவரே தூங்கிவிட்டார். சுற்றிலும் இருட்டு, வைக்கோலில் என்னவோ சரசரக்கிறது. எழுப்பவும் பயம். மீதிக் கதையை நானே உரக்கச் சொன்னேன், தெரிந்தது தீர்ந்ததும் அம்புலிமாமாவில் படித்தது, அதுவும் தீர்ந்ததும் வாய்க்கு வந்தது. வேதாளம் எங்கள் ஊர்ப் பேருந்தில் ஏறி டிக்கெட் எடுக்க மறுத்தது வரை ஞாபகம் இருக்கிறது.

சரி, உங்கள் கேள்வி. இதே வரிசையில் 1960இல் பேய்க்கோட்டைப் படம் ஒன்று வந்தது, அதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். முதலில் ஹௌஃபைத் திரும்பப் படியுங்கள், ராத்திரியில்.