கணினி சஸ்பெண்ட் ஆகும்போது எஸ்எஸ்டி என்ன செய்கிறது? கேள்வி பதில்

கேள்வி: சார், லேப்டாப்பை மூடினால் எஸ்எஸ்டிக்கு மின்சாரம் நின்றுவிடும்தானே?

எல்லா மெஷினிலும் இல்லை. பழைய எஸ்3 என்ற தூக்க முறையில் ராமுக்கு மின்சாரம் இருக்கும், எஸ்எஸ்டி அணைந்துவிடும். புதிய லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3 கிடையாது. அவற்றில் லினக்ஸ் இயங்குதளம் எஸ்2ஐடில் என்ற முறையில்தான் தூங்கும். அதில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக அடங்க வேண்டும். எஸ்எஸ்டி அடங்காமல் விழித்திருந்தால் ப்ராசஸரும் ஆழ்ந்த நிலைக்குப் போகாமல் நிற்கலாம், காலையில் பேட்டரி காலியாகிவிடும்.

கேள்வி: எழுப்பினால் சில சமயம் என்விஎம்இ டிரைவே (புதுவகை வேகமான எஸ்எஸ்டி) காணாமல் போகிறது. ஏபிஎஸ்டி என்ற மின்சேமிப்பு வசதியை அணைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

அவசரப்படாதீர்கள். வேலை நடக்கும்போதே டிரைவ் காணாமல் போகிறதா, எழுப்பும்போது மட்டுமா என்று முதலில் பாருங்கள்.

என்விஎம்இ டிரைவ்களில் பெரும்பாலும் பிஎஸ்0 முதல் பிஎஸ்4 வரை மின்நிலைகள் இருக்கும். கடைசி இரண்டில் படிக்கவோ எழுதவோ முடியாது, மின்செலவும் மிகக் குறைவு. வேலையில்லாத நேரத்தில் டிரைவ் தானாகவே அங்கே இறங்குவதுதான் ஏபிஎஸ்டி. சஸ்பெண்ட் வேறு வழி. 2019-ல் வந்த லினக்ஸ் 5.3 முதல், எஸ்2ஐடிலில் கெர்னலே (லினக்ஸின் மையப் பகுதி) டிரைவை அதன் கடைசி மின்நிலைக்கு நேரடியாக அனுப்புகிறது. ஏபிஎஸ்டிக்கு நீங்கள் வைக்கும் தாமத வரம்பை, அதாவது டிரைவ் விழிக்க எவ்வளவு நேரம் எடுக்கலாம் என்ற அளவை, அது பார்ப்பதே இல்லை. அதனால் எழுப்பும்போது மட்டும் சிக்கல் என்றால், ஏபிஎஸ்டியை அணைத்துப் பெரிதாகப் பயனில்லை.

சரி, வேறு என்ன வழி? முதலில் டிரைவின் ஃபர்ம்வேரையும் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பயாஸையும் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) புதுப்பியுங்கள். பயாஸில் எஸ்3 தேர்வு இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் கைகொடுக்காவிட்டால் மட்டும் ஏஎஸ்பிஎம்மை (டிரைவை இணைக்கும் பிசிஐஇ இணைப்பின் மின்சேமிப்பு) அணைக்கலாம். அது அணைந்திருந்தால், சஸ்பெண்டின்போது லினக்ஸ் டிரைவை முறையாக ஷட்டவுன் செய்துவிடும். ஆனால் மெஷின் ஓடும் நேரமெல்லாம் பேட்டரி கூடுதலாகச் செலவாகும். அதனால்தான் இதைக் கடைசியில் வைக்கிறேன்.

கேள்வி: தூக்கத்திலேயே பேட்டரி தீர்ந்தால் ஃபைல்கள் போய்விடுமா?

சஸ்பெண்டுக்கு முன் கெர்னல் ஃபைல் சிஸ்டத்தை ஒருமுறை சிங்க் செய்துவிடும் (எழுதக் காத்திருப்பதை டிஸ்க்கில் எழுதிவிடும்), அதனால் டிஸ்க்கில் இருப்பதற்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. சேமிக்காமல் திறந்து வைத்திருந்த வேலை போய்விடும். டிரைவ் தன் நிலையைப் பதிவு செய்யும் ஸ்மார்ட் விவரத்தில் முறையற்ற ஷட்டவுன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், குறிப்பிட்ட நேரம் கழித்துத் தானாக ஹைபர்னேட் ஆகும்படி (ராமில் இருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணையும்படி) வையுங்கள்.

கேள்வி: பழைய வகை இணைப்பான சாட்டா எஸ்எஸ்டிக்கும் இதெல்லாம் உண்டா?

இந்த மின்நிலைகள் கிடையாது. அங்கே டெவ்ஸ்லீப் என்று ஒரு ஆழ்ந்த தூக்க நிலை உண்டு, டிரைவ், கன்ட்ரோலர் இரண்டும் ஆதரித்தால்தான் வேலை செய்யும்.